மழையில் எதைப் படம் பிடிக்க வேண்டும்?

'ஈவென்டிங்' எனப்படும் குதிரையேற்றப் போட்டி தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமானதல்ல. படைக் குதிரைகளின் திறனைச் சோதிக்கும் முறையிலிருந்து தோன்றி, 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பிடித்த விளையாட்டு இது. ஒழுங்கு நடை, திறந்தவெளித் தடையோட்டம், அரங்கத் தடைதாண்டல் என்னும் மூன்று சோதனைகளையும் ஒரே வீரர் ஒரே குதிரையில் முடிக்க வேண்டும். 2018 ஆசிய விளையாட்டில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்ஸா தனிநபர் வெள்ளிப் பதக்கம் வென்றபோது நமது பத்திரிகைகளிலும் இதற்குச் சிறிது இடம் கிடைத்தது.

2023 மே மாதம் இங்கிலாந்தின் பட்மின்டன் என்ற ஊரில் நடைபெற்ற போட்டியின் ஒளிப்பதிவுகளை அண்மையில் பார்த்தேன். நமக்குத் தெரிந்த இறகுப்பந்தாட்டத்துக்குப் பெயர் தந்த அதே ஊர்தான். அவ்வாண்டு கடும் மழையால் புல்வெளி சேறாகிவிட்டது. இத்தகைய நாள்களின் பதிவுகளில் மீண்டும் மீண்டும் காட்டப்படுவது வீரர் சேற்றில் விழும் சில விநாடிகளே. விழுகை கண்ணைக் கவரும். ஆனால் அன்று நடந்தவற்றில் முக்கியமானது அதுவன்று.

நிலத்தின் நிலை கண்டு ஏற்பாட்டாளர்கள் சில தடைகளை நீக்கிப் பாதையைச் சுருக்கினர். குதிரை களைத்துவிட்டது என்றுணர்ந்த வீரர்கள் பலர் கையை உயர்த்தி விலகிக்கொண்டனர். ஓட்டம் முடிந்தபின் மிருக வைத்தியர் குதிரையைப் பரிசோதிப்பார். அரங்கத் தடைதாண்டலுக்கு முன் மீண்டும் ஒரு பரிசோதனை உண்டு. மழை நாளில் ஒளிப்பதிவாளர் தேடிப் பிடிக்க வேண்டிய காட்சிகள் இவையே என்பது என் கருத்து. ஆபத்து எவ்வாறு முன்கூட்டியே அறியப்பட்டது, யார் நிறுத்தினார்கள் என்பதை அவை சொல்கின்றன.

இதைச் சபரகமுவவின் மழையோடு சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இலங்கையில் மிகுதியாக மழை பெறும் பகுதிகள். இறப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலை நின்றால் பேர் விழாது. அதே மழையில்தான் மலையும் சரிகிறது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். புளத்கொஹுபிட்டியவில் அகப்பட்டவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

சரிவுக்குப் பின் கமராக்கள் வந்தன. மண்மேடும், தோண்டும் இராணுவமும், அழும் தாய்மாரும் உலகெங்கும் காட்டப்பட்டனர். சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்களைக் காட்டுவோர் அரிது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், சுவரில் புதிய விரிசல், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியவற்றைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல காலமாகச் சொல்லி வருகிறது. மழை கூடும்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கையும் விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எங்கே போவது? லயத்தில் வசிக்கும் குடும்பத்துக்கு வேறிடத்தில் ஒரு துண்டு நிலம் இல்லையென்றால், மழை விட்டதும் அதே சரிவின் கீழ்தான் திரும்பிப் படுக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

குதிரை வீரர் கையை உயர்த்தினால் அவருக்குப் போட்டி மட்டுமே போகிறது. எச்சரிக்கை நாளில் மலையேற மறுக்கும் தொழிலாளிக்கு அன்றைய சம்பளமே போகிறது. எச்சரிக்கை நாளுக்கும் பேர் போட வேண்டும். ஆபத்தான சரிவின் கீழுள்ள லயங்களுக்கு மாற்று நிலம் எழுத்தில் தர வேண்டும். ஊடகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பருவமழைக்கு முன்னரே கமராவோடு போங்கள். சுவர் விரிசல்களைப் படம் பிடியுங்கள். அதன் கீழ் உறங்குவோரின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.