பதினைந்து நிமிட ‘போட்டோ ஸ்டாப்’

எங்கள் காலை நடைக் குழுவில் ஒரு நண்பர். போன மாதம் ஐரோப்பா போய்விட்டு வந்தார். பதினான்கு நாளில் ஒன்பது நாடுகள். வாட்ஸ்அப்பில் 214 படங்கள் வந்து விழுந்தன. மறுநாள் பூங்காவில் ஆசையாகக் கேட்டேன், “சுவிட்சர்லாந்து எப்படி சார் இருந்தது?” என்று.

“ஏன் சார், போட்டோ பார்க்கலையா?” என்றார்.

அவ்வளவுதான் பதில். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. ஏனென்றால் நானும் அதே குற்றவாளி. 2016-இல் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டி, மனைவியோடு அதே மாதிரி ஒரு பயணம் போனேன். பயணத் திட்டத்தில் பாதி இடங்களுக்கு எதிரே ‘போட்டோ ஸ்டாப்’ என்று போட்டிருந்தது. பஸ் நிற்கும், இறங்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் ஏற வேண்டும். கழிப்பறைக்குப் போனால் ஊரைப் பார்க்க முடியாது. ஊரைப் பார்த்தால் கழிப்பறைக்குப் போக முடியாது. நம் வயதில் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லத் தேவையில்லை.

பாரிஸில் லூவர் அருங்காட்சியகம். மோனாலிசா எவ்வளவு பெரிய படம் தெரியுமா? 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் சாமி படம் அளவுதான். அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். நானும் கையை உயர்த்தி ஆறு படம் எடுத்தேன். ஆறிலும் முன்னால் நின்றவரின் வழுக்கைத் தலை நன்றாக விழுந்திருக்கிறது. அதே அறையில், மோனாலிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், வெரோனீஸ் 1563-இல் வரைந்து முடித்த கானாவூர் கல்யாண விருந்து ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம்! நெப்போலியனின் படை வெனிஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அப்படி ஒரு ஓவியம் அங்கே இருந்ததே எனக்கு ஊருக்கு வந்து ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. 8,000 கிலோமீட்டர் பறந்து போய் முதுகைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, நஷ்டம் நமக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். அந்த ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஏரிக்கரைக் கிராமம். குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. படம் எடுக்க வரும் கூட்டம் தாங்காமல், 2023-இல் ஏரியை மறைத்து ஒரு மரத்தடுப்பையே வைத்துப் பார்த்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் ஃபுஜிகாவகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் ஃபுஜி மலை அழகாகத் தெரியும். அந்த ஒரு படத்துக்காக வந்தவர்கள் சாலையின் குறுக்கே ஓடி, குப்பை போட்டு, பக்கத்துப் பல் மருத்துவமனையின் இடத்திலும் நுழைந்து தொந்தரவு செய்தார்கள். 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டிவிட்டது. யோசித்துப் பாருங்கள், சொந்த மலையைச் சொந்த ஊர்க்காரனே திரை போட்டு மறைத்தான்! வெனிஸின் பழைய நகரத்தில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. குடியிருந்த வீடுகள் பல, வந்து போகிறவர்களுக்கான விடுதிகளாகிவிட்டன. காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு 2024-இல் இருந்து சில நாட்களில் கட்டணமே வைத்துவிட்டார்கள்.

நம் வீட்டு வாசலில் கோலம் போடும் மருமகளைக் கேட்காமல் இருபது பேர் படம் எடுத்தால் சும்மா இருப்போமா? அங்கே மட்டும் நாம் ஏன் அதைச் செய்கிறோம்?

“அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயதாக ஆக ஞாபகம் மங்குகிறது, படம் உதவுகிறது. வெளியே போக முடியாத உறவுகள் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஏ.கே. செட்டியார் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் முறையாகப் புகைப்படக் கலையே படித்தவர். உலகம் சுற்றிக் காந்தியைப் பற்றிய படச் சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் ஆவணப்படமாகவே தந்தவர். ஆனால் அவருடைய பயணக் கட்டுரைகளைப் படித்தால் மனிதர்கள்தான் வருகிறார்கள். வழி சொன்னவர், சோறு போட்டவர், வம்புக்கு இழுத்தவர். கேமரா தெரிந்தவருக்குக் கண்ணும் காதும் திறந்திருந்தன. நமக்குக் கேமரா வந்ததும் இரண்டும் மூடிக்கொண்டன. என் சண்டை இதனோடுதான்.

1984-இல் எல்.டி.சி.யில் ஆக்ரா போனோம். இரவல் வாங்கிய கிளிக் த்ரீ கேமரா. ரோலுக்குப் பன்னிரண்டே படம். மூன்று வெளுத்துப் போயிற்று. ஆனால் வெயிலில் சுட்ட பளிங்குத் தரை, என் பையன் அழுத அழுகை, அவன் கையில் பேட்டா துண்டைத் திணித்துச் சமாதானப்படுத்திய கடைக்காரரின் மீசை எல்லாம் இன்றும் கண்முன் நிற்கின்றன. கண்ணால் பார்த்துவிட்டுத்தான், இது ஒரு படத்துக்குத் தேறுமா என்று யோசித்தோம்.

2016-இல் நான் எடுத்தவை 1,846 படங்கள். போன வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பல ஊர்களின் பெயரே சொல்லத் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள்.

வெனிஸில் அவளுக்கு முழங்கால் வலி. “நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்று ஒரு சின்னப் பாலத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம். இவ்வளவு செலவு செய்து வந்து படியில் உட்காருவதா என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நாற்பது படம் எடுத்து வந்தேன். அந்த அரை மணி நேரத்தில் எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பாட்டி கயிற்றில் துணி உலர்த்தினாளாம். ஒரு துணி தண்ணீரில் விழுந்ததாம். படகுக்காரன் துடுப்பால் எடுத்துக் கொடுத்தானாம். பாட்டி திட்டினாளாம், இவளைப் பார்த்துச் சிரித்தாளாம். இவளும் சிரித்தாளாம்.

“அந்த டூர்ல நான் பாத்த ஊர் அது ஒண்ணுதான்” என்றாள். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆகவே, அடுத்த பயணத்துக்குப் பணம் கட்டப் போகும் நண்பர்களே, ஒன்பது நாட்டை மூன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். ‘போட்டோ ஸ்டாப்’ என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, உட்கார நேரம் கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் அரை மணி நேரமாவது செல்போனைப் பையில் போடுங்கள். திரும்பி வந்ததும் படம் அனுப்புவதற்கு முன்னால், ஒரு கதை சொல்லுங்கள். பூங்காவில் கேட்க நாங்கள் இருக்கிறோம்.

இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை. 1,846-இல் ஒன்றுகூட அந்தப் படிக்கட்டுப் படம் கிடையாது.