மெதுவாகப் போகிறவனுக்கே மீன்

ட்ரோலிங் என்றதும் நம் ஆட்களுக்கு இணையத்தில் வம்பிழுப்பதுதான் ஞாபகம் வரும். அந்த அர்த்தம் வந்ததே தூண்டிலில் இருந்துதான் என்று சொல்வார்கள். இரையைத் தொங்கவிட்டு மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும், எவனாவது கவ்வுகிறானா என்று பார்க்க வேண்டும் :-) ராமேஸ்வரம் பக்கம் சண்டைக்குக் காரணமான டிராலிங் வேறு சங்கதி. அது கடலடியைச் சுரண்டும் இழுவை மடி. நான் சொல்ல வருவது படகில் இருந்து தூண்டிலை இழுப்பது.

நான் படிப்பது வடக்கு மிசிசிப்பியில். பக்கத்தில் ஆர்கபட்லா, சார்டிஸ், எனிட், கிரெனடா என்று நான்கு நீர்த்தேக்கங்கள். 1927-ல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்தைத் தடுப்பதற்காக 1940-களிலும் 50-களிலும் கட்டி முடிக்கப்பட்டவை. வெள்ளத்துக்காகக் கட்டிய அணைகள் இன்று க்ராப்பி மீனுக்குப் பேர் போனவை. உலகிலேயே பெரிய வெள்ளை க்ராப்பி (5 பவுண்டு 3 அவுன்ஸ்) 1957-ல் பிடிபட்டது எனிட்டில்தான். க்ராப்பி, புளூகில் மாதிரி வாணலிக்குள் அடங்கும் மீன்களை இங்கே பான்ஃபிஷ் என்கிறார்கள். நம் ஊர் ஜிலேபிக் கெண்டை போல, எளிய மனிதர்களின் மீன். என் கவலையும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் தொழில்நுட்பம் கொஞ்சம்.

வசந்த காலத்தில் க்ராப்பி கரையோரம் முட்டையிட வரும். அப்போது கரையில் உட்கார்ந்தே பிடிக்கலாம். அது முடிந்ததும் ஆழத்துக்குப் போய், நடுத்தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். சிதறிய மீனைத் தேடிப் போவதற்குத்தான் ட்ரோலிங்.

இதில் இரண்டு வழிகள் முக்கியம். முதலாவது ஸ்பைடர் ரிக். படகின் முன்பக்கத்தில் வரிசையாகப் பிடிகளைப் பொருத்தி, 12 முதல் 16 அடி நீளக் கம்புகளை விசிறி போல நீட்டி வைப்பது. தூரத்தில் இருந்து பார்த்தால் படகு எட்டுக்கால் பூச்சி மாதிரியே தெரியும். தங்கூஸில் ஈயக்குண்டு, அதோடு சின்ன மீன் குஞ்சோ ஜிக்கோ. வேகம் மணிக்கு அரை மைல், சமயத்தில் அதற்கும் குறைவு. கோயில் பிரகாரத்தைச் சுற்றும் பாட்டிகூட நம்மை முந்திவிடுவார். இரண்டாவது லாங் லைன். சிறிய ஜிக்குகளைப் படகுக்குப் பின்னால் வெகுதூரம் விட்டு, மணிக்கு ஏறக்குறைய ஒரு மைல் வேகத்தில் இழுப்பது. இங்கே வேகம்தான் ஆழம். மெதுவாகப் போனால் ஜிக் இறங்கும், வேகமாகப் போனால் ஏறும்.

அதனால் படகைத் திருப்பும்போது கவனித்தால் ஒரு பாடமே கிடைக்கும். உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலேறும். உள்பக்கம் மட்டும் மீன் கடித்தால், மீன் ஆழத்தில் இருக்கிறது, வேகத்தைக் குறை என்று அர்த்தம். க்ராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். ஆகவே அதற்குச் சற்று மேலேதான் இரை போக வேண்டும், கீழே போனால் கண்டுகொள்ளாது.

ஸ்பைடர் ரிக்குக்குக் காற்றை எதிர்த்துப் போவதே நல்லது, படகு கட்டுக்குள் இருக்கும். காற்று முதுகில் தள்ளினால் பின்னால் ஒரு இரும்புச் சங்கிலியைத் தொங்கவிடுவார்கள். பத்து டாலர் சங்கிலி செய்யும் வேலையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், படகு அமைப்பு என்றாலே அந்தந்த ஏரிக்கு ஏற்ற எளிமைதான். டென்னஸியின் ரீல்ஃபுட் ஏரி 1811-12 நிலநடுக்கங்களில் காடு அமிழ்ந்து உருவானது. தண்ணீருக்கடியில் முழுக்க மரக்கட்டைகள். அதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற தட்டையடிப் படகைச் செய்தார்கள். முன்னோக்கிப் பார்த்தபடியே துடுப்புப் போடலாம். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்த குடும்பத்தின் டேல் கால்ஹூனுக்கு 1998-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலை விருது கிடைத்தது. ஏரியைப் படித்துச் செய்த படகு அது.

இப்போது நிலைமை வேறு. 2018-ல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற சோனாரைக் கொண்டுவந்தது. எதிரே நிற்கும் மீன் அசைவதைத் திரையில் அப்போதைக்கப்போதே பார்க்கலாம். பெரிய மீனாகப் பார்த்து அதன் தலைக்கு மேலே இரையை இறக்கலாம். திரை, பேட்டரி எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய அலுமினியப் படகின் விலையைத் தாண்டிவிடும்.

"பத்துப் பன்னிரண்டு கம்பு நீட்டுகிற நீ, ஒற்றைக் கம்பு பிடிப்பவனைக் குறை சொல்லலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பவனின் பாதையில் வராத மீன் பிழைத்துக்கொள்ளும். திரையில் பார்ப்பவனுக்கு அப்படித் தப்பும் மீன் குறைவு. அவன் தேர்ந்தெடுப்பதும் பெரிய மீன்களையே. கம்புக்குப் பல இடங்களில் உச்சவரம்பு உண்டு, கண்ணுக்குத்தான் இல்லை.

"பிடித்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுகிறோமே" என்பது அடுத்த சமாதானம். ஆழத்தில் இருந்து சட்டென்று மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை வீங்கிவிடும். விட்ட மீன் நீந்திப் போவது போலத் தெரியும், பிழைக்குமா என்பது வேறு விஷயம். கிரெனடாவில் 12 அங்குலத்துக்குக் குறைந்த க்ராப்பியை வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆழத்தில் பிடித்துத் திருப்பி விடும் பத்து சின்ன மீனில் பாதி செத்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள்? இது ட்ரோலிங் செய்பவர்களுக்கும் பொருந்தும். சின்ன மீனாகவே மாட்டினால் ஆழத்தை விட்டு வேறு இடம் போக வேண்டும். வாணலிக்குப் போதுமானது கிடைத்துவிட்டால் கம்பை மடக்கிவிட வேண்டும், திருப்பி விடும் விளையாட்டே வேண்டாம்.

சோனாரைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. சட்டம் கருவியை எண்ணுவதைவிட, செத்த மீனை எண்ணட்டும். திருப்பி விட்டுச் சாகிற மீனும் அந்தக் கணக்கில் வரட்டும். புதிதாக வருகிறவர் கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறதென்றால் நல்ல மின்மோட்டார், நல்ல பேட்டரி, நாலு கம்பு, ஒரு சங்கிலி வாங்கட்டும். மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டால் ஏரி தானாகவே பேசும். இவ்வளவு காசு இல்லாதவன் ஏரிக்கே வரவேண்டாம் என்ற நிலை வந்துவிட்டால், அதற்குப் பிறகு அது பான்ஃபிஷ் இல்லை. பணக்காரர் சுவரில் மாட்டும் கோப்பை.