பக்க விளைவு என்று ஒன்று உண்டா?



என்னுடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவருக்கு அவருடைய தமக்கையின் சிறுநீரகம் பொருத்தப்பட்டுள்ளது. உடல் அதனை அந்நியப் பொருள் என்று தள்ளிவிடாதிருக்க, நாள்தோறும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தை உட்கொள்கிறார். அதைத் தொடங்கிய பின் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. காரணம் கேட்டேன். "பக்க விளைவு" என்றார். இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நார்வே நாட்டு மேட்டுநிலம் ஒன்றிலிருந்து 1969-இல் எடுத்து வந்த மண்ணில் இருந்த பூஞ்சை தந்த மருந்து இது. 1972-இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் ஆய்வுக்கூடத்தில் இதன் நோய்எதிர்ப்பை அடக்கும் ஆற்றல் தெரிய வந்தது. 1978-இல் கேம்பிரிட்ஜில் ராய் கேல்ன் இதைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

அந்நியப் பொருளைக் கண்டதும் இரத்தத்திலுள்ள டி அணுவினுள் கால்சியம் அயனிகள் பெருகுகின்றன. அவை கால்சிநியூரின் என்ற நொதியைத் தூண்ட, தாக்குதலுக்கான கட்டளை அணுவின் உட்கருவுக்குப் போகிறது. சைக்ளோஸ்போரின் அந்த நொதியைத் தடுக்கிறது. கட்டளை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இனி, இரத்தக் குழாய்க்கு வருவோம். குழாய்ச் சுவரின் தசையணுக்களில் ஏற்பிகள் உள்ளன. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் அவற்றில் பொருந்தியதும், இங்கும் கால்சியம் பெருகுகிறது. ஆனால் விளைவு வேறு: தசை சுருங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதக் குழாய்த் தசையணுக்களைச் சைக்ளோஸ்போரினில் வைத்தபோது இந்த ஏற்பிகளே எண்ணிக்கையில் கூடின! ஹார்மோன் அதே அளவுதான். அதைக் கேட்கும் காதுகள் பெருகிவிட்டன. போதாக்குறைக்கு, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது.

குழாய் சிறிது சுருங்கினால் என்ன என்கிறீர்களா? பாய்சாய் விதி நினைவிருக்கிறதா? ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 34 விழுக்காடு குறையும். (இரத்தம் அவ்வளவு ஒழுங்கான திரவம் அன்று, கணக்கு உத்தேசம்தான்.) இவ்வாறு சுருங்கும் குழாய்களில் சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் கொண்டுசெல்லும் நுண்தமனியும் ஒன்று. காப்பாற்ற வந்த மருந்தே அச்சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது! மருத்துவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிப்பது இதனால்தான்.

அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே என்று அவசரப்படாதீர்கள். நிறுத்தினால் தமக்கை தந்த சிறுநீரகத்தை உடல் தாக்கத் தொடங்கிவிடும்.

நான் சொல்வது இதுதான். மூலக்கூறுக்கு 'நேர்', 'பக்கம்' என்ற பாகுபாடு தெரியாது. டி அணுவுக்குள் நுழைவது போலவே தசையணுவுக்குள்ளும் நுழைகிறது. நமக்கு வேண்டியதை விளைவு என்கிறோம். வேண்டாததைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, ஏன் என்று கேட்பதையும் விட்டுவிடுகிறோம். தேர்விலும் "பக்க விளைவுகள் யாவை?" என்று ஒரு மதிப்பெண் வினாதான். பிறகு, உயிரியல் வெறும் மனப்பாடம் என்று என் இயற்பியல் மாணவர்கள் சொல்லாமல் என்ன செய்வார்கள்?

'மருந்தின் மற்ற வேலைகள்' என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. உங்களுக்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.