கிட்டாரை வாசித்துப் பார்க்க விடுங்கள்

தூத்துக்குடியில் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன் நான். 1990-களிலிருந்து இதுதான் தொழில். கோயில் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்று வருகிறவர்கள், சினிமாப் பாட்டுக்காக வருகிறவர்கள், பேரனுக்குத் துணையாக வந்து தாமும் கற்றுக்கொள்ளும் தாத்தாக்கள் என்று எல்லா வகையினரும் என்னிடம் படித்திருக்கிறார்கள். அண்மைக் காலமாக இவர்களில் பலர் ஒரே மாதிரியான வருத்தத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பெருந்தொகை கொடுத்து ஒரு கிட்டார் வாங்கியிருப்பார்கள். அதற்கு முன் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அதன் ஒலியைக் கேட்டதில்லை. படத்தையும் வீடியோவையும் நம்பி வரவழைத்தது. பெட்டியைப் பிரித்த அன்று இருந்த சந்தோஷம் சில வாரங்களிலேயே வடிந்துவிடுகிறது.

என்னிடம் படிக்கும் ஒரு டீச்சருக்கும் இதுதான் நடந்தது. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். கல்லூரி நாளில் வாங்கிய கொல்கத்தா கிட்டாரை வைத்தே இத்தனை ஆண்டுகளும் வாசித்துவந்தார். நல்ல கிட்டார் ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சீட்டுக் கட்டிச் சேர்த்தார். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்க் கிட்டார்கள்தான் கிடைக்கும். விலை கூடியதை வாசித்துப் பார்க்க வேண்டுமென்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். பள்ளியில் விடுப்புக் கிடைக்காது, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். போனிலேயே ஆர்டர் போட்டார். அதற்காக அவரைக் குறைசொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

வந்தது நல்ல கிட்டார்தான். டாப் முழுப் பலகை, முதுகு ரோஸ்வுட், ஃப்ரெட் வேலை சுத்தம், எங்கும் ஒரு கீறல் கிடையாது. நானே டியூன் செய்து வாசித்துப் பார்த்தேன். தடித்த கம்பிகளின் ஒலி அறையை நிறைத்தது. டீச்சர் வாசித்துப் பாடியபோதோ அவருடைய குரல் அதற்குள் அமுங்கிப்போனது. அவருடையது மெல்லிய, கீழ்ஸ்தாயிக் குரல். விரல் நுனியால் மீட்டிக்கொண்டே பாடுவார். இந்தக் கிட்டார் பிக் பிடித்து ஓங்கி அடிப்பவருக்கு ஏற்றது. ஆள் உயரம் குறைவு என்பதால் கிட்டாரின் மேல் கையைப் போட்டதும் வலது தோள் தூக்கிக்கொண்டது. பாடம் பாதி முடிவதற்குள் வலி. “தப்புன்னு சொல்ல ஒண்ணும் இல்ல சார். ஆனா எடுத்து வாசிக்கணும்னே தோண மாட்டேங்குது” என்றார். விற்றவர்களைப் போனில் அழைத்தார். பழுது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னார். பழுதில்லாத பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள். கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு நல்ல நஷ்டத்தில் கொடுத்துவிட்டு, பழைய கிட்டாருக்கே திரும்பிவிட்டார் டீச்சர்.

விற்றவர்கள் சொன்ன அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு. மிக்ஸியைப் பழுது உள்ளது, இல்லாதது என்று பிரித்து விற்கலாம். இசைக்கருவியை அப்படி விற்க முடியாது. வாசிப்பவரின் தோளுக்கும் விரலுக்கும் குரலுக்கும் பொருந்துகிறதா என்பதும் அதன் தரத்தில் அடக்கம்.

டீச்சருக்கு வந்தது டிரெட்நாட் என்ற வடிவம். 1906-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் டிட்சன் என்ற வணிக நிறுவனத்துக்காக இந்தப் பெரிய உடலைச் செய்துகொடுத்தது. 1931-இல் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. இன்று எந்தக் கடையிலும் அக்குஸ்டிக் கிட்டார் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இந்த வடிவத்தைத்தான். இதன் உடல் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆழம். அதே நிறுவனம் அதே காலகட்டத்தில் கொண்டுவந்த ஓஎம் வடிவம் பத்தரை சென்டிமீட்டர் இருக்கும். வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர் என்று படத்தில் பார்க்கும்போது தோன்றும். மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தோள்பட்டை உடனே சொல்லிவிடும். கழுத்தின் அகலத்திலும் இதே கதைதான். நட் இருக்கும் இடத்தில் 43 மில்லிமீட்டர், 44.5 மில்லிமீட்டர் என்ற இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. விரலால் மீட்டுபவருக்கு அகலமானது வசதி. சின்னக் கைக்காரர் அதில் எஃப் கார்டு பிடிக்கும்போது முகம் சுளிப்பார்.

அளவையாவது எழுதிக்காட்ட முடிகிறது, ஒலியை எழுத வழியில்லை. அதற்குப் பதிலாக மரங்களின் பெயர்களை வரிசையாகப் போடுகிறார்கள். சிட்கா ஸ்ப்ரூஸ் டாப், மஹோகனி முதுகு, ரோஸ்வுட் முதுகு. விலையும் அந்தப் பெயர்களைத் தொட்டே ஏறுகிறது. பிரேசில் ரோஸ்வுட் 1960-களின் இறுதியில் கிடைக்காமல் போகத் தொடங்கியபோது மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம்தான் அது. நம் காட்டு மரத்தின் பெயரைச் சொல்லி நமக்கே அதிக விலைக்கு விற்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் கொஞ்சம் நோகத்தான் செய்கிறது.

அந்தப் பெயர்கள் காதுக்கு எவ்வளவு சொல்கின்றன என்பதை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்கள். மற்றபடி ஒன்றேபோல ஆறு கிட்டார்கள். ஒரே கைவினைஞர் செய்தவை. விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் அவற்றில் உண்டு. மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டி, 52 கலைஞர்களை வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒலித் தரத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்கள் ஆறுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. முதுகு மரத்தின் பெயருக்காக அள்ளிக் கொடுக்கும் பணம் ஒலியில் திரும்பி வருவதில்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒலி பெரும்பாலும் பிறப்பது முன்பலகையில். மூன்று மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான் அதற்கு. ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுப்பதை அது தாங்கவும் வேண்டும், தளர்வாக அதிரவும் வேண்டும். உள்ளே ஒட்டிய குச்சிகளை எவ்வளவு சீவியிருக்கிறார்கள், அந்தப் பலகை வந்த மரம் எவ்வளவு விறைப்பு என்பதைப் பொறுத்து ஒலி மாறும். ஸ்ப்ரூஸ் மரத்தின் விறைப்பு மரத்துக்கு மரம் வேறுபடும். அதனால் ஒரே மாடல் எண்ணுள்ள இரண்டு கிட்டார்களில் ஒன்று திறந்து பேசும், இன்னொன்று வாயை மூடிக்கொண்டிருக்கும். வீடியோவில் கேட்டது யாரோ ஒருவரிடம் உள்ள கிட்டார். புதுக் கம்பி மாட்டி, நல்ல மைக் வைத்து, தேர்ந்த கலைஞர் வாசித்தது. உங்கள் வீட்டுக்கு வரும் பெட்டியில் இருப்பது வேறொன்று.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கிட்டார் செய்யும் பெரிய தொழிற்சாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் பெரும்பாலான நாட்களில் அதைவிட அதிகம். மரம் ஈரத்தைக் குடித்து டாப் புடைக்கும். பிரிட்ஜ் மேலே எழும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி, நாங்கள் ஆக்‌ஷன் என்போம், கூடிவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டியது மூன்றரைக்குப் போய்விட்டால் அழுத்தும் விரல் நுனி கன்றிப்போகும். புதுக் கிட்டாரோடு வந்து, விரல் வலி தாங்காமல், தனக்கு இசை வராது என்று முடிவுகட்டிக்கொண்டு நின்றுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. அவர்களுக்கு இசை வரும். கருவியை யாரும் சரிபார்த்துக் கொடுக்கவில்லை.

கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு உலர்ந்த மரத்தைத் தேடி எடுத்துக் கடைகிறார்கள். அங்கே போய் ஊதிப் பார்க்காமல் ஒரு நாதஸ்வரத்தை வாங்கிவரும் வித்வான் உண்டா? நம் ஊரில் இது எப்போதும் மரியாதையான வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. கிட்டார் கடைகளில்தான் கேட்பதற்கே கூச்சப்பட வேண்டியிருக்கிறது. விலை கூடியவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டு, “வாங்குறதா இருந்தா எடுத்துத் தர்றேன்” என்கிறார்கள். பெல்ட் பக்கிள் உராய்ந்து வார்னிஷ் போய்விடும் என்ற அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஒரு துண்டை மடியில் விரிக்கச் சொல்லுங்கள், மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். டியூன் செய்து, நாற்காலி போட்டு, ஒரு கால்மணி நேரம் கொடுங்கள். லட்ச ரூபாய் கொடுக்க வந்தவருக்கு இது பெரிய சலுகை ஆகாது.

வாசிக்கக் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலே போங்கள். இரைச்சல் எங்கே வருகிறது என்று தெரியும். உங்களுக்குப் பழகிய பாட்டை, பாடிக்கொண்டே வாசியுங்கள். பிறகு கிட்டாரைக் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லி எதிரே நின்று கேளுங்கள். கிட்டாரின் ஒலி முன்னால் போகிறது. வாசிப்பவருக்குக் கேட்பது அதில் ஒரு பகுதிதான்.

நேரில் போக முடியாதவர்களுக்குச் சட்டம்தான் துணை வர வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. பொருள் பழுதானதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன அவை. கழுத்து விரிசல்விட்டு வந்த கிட்டாருக்கு இது போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். டீச்சரின் கிட்டாருக்கு இந்த விதிகளில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை, சில விலக்குகள் தவிர, 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். கடையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அதைக் கையாளலாம். அதற்கு மேல் பயன்படுத்தி மதிப்புக் குறைந்தால் அந்த இழப்பு வாங்கியவருடையது. திருப்பி அனுப்பும் செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான். இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு என்பேன்.

அந்த முறை இசைக்கருவிகளுக்காவது இங்கே வர வேண்டும். சட்டம் வரும் வரை விற்பவர்களே ஒரு வாரம் தவணை கொடுக்கட்டும். போகவர ஆகும் லாரிக் கூலியை வாங்குபவர் கட்டட்டும். கீறல் விழுந்தால் அதற்கும் பிடித்துக்கொள்ளட்டும். டீச்சர் சந்தித்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒரு தொகையே இல்லை.

பெரிய நகரங்களில் கடை வைத்திருக்கும் விற்பனையாளர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு வேனில் பல வடிவக் கிட்டார்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ வாருங்கள். ஒரு மண்டபம் பிடித்து நாற்காலிகளைப் போட்டு வையுங்கள். கிட்டார்களை டியூன் செய்து, ஆக்‌ஷன் சரிபார்த்துக் கொடுக்க நான் வருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம். டீச்சரையும் அழைத்து வருகிறேன். இந்த முறை ஓஎம் வடிவத்தில் நாலைந்தாவது கொண்டுவாருங்கள்.