ஸ்கிராப் ராஜ்ஜியத்தின் பிள்ளைகள்

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு கொலை விழுந்துவிட்டால் போதும், நம் நடுத்தர வர்க்கத்து அறிவாளிகளின் நாவில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நிற்கிறது: "அந்தப் பக்கத்துப் பையன்களே அப்படித்தான்." 'அந்தப் பக்கம்' எந்தத் திசை என்று யாரும் கேட்பதில்லை. அது சேரியைக் குறிக்கும். சில வாய்களில் வேறொரு சாதியின் தெருவைக் குறிக்கும். சற்றே கண்ணியமானவர்கள் 'வளர்ப்பு சரியில்லை' என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் 'வறுமை' என்று சொல்லி வருத்தப்படுவார்கள். மூன்று விளக்கங்களும் பையனைக் காட்டுகின்றன. அவனுக்குக் கூலி கொடுப்பவனை மறைக்கின்றன.

முதலில் பிறப்பை எடுத்துக்கொள்வோம். பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று சில சமூகங்களுக்கு முத்திரை குத்த 1871இல் வெள்ளையன் சட்டம் செய்தான். 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. 1947இல் இங்கே நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, அதை எழுதிய மனம் நம்மிடம் தங்கிவிட்டது. சிகாகோவில் ஷா, மெக்கே என்னும் இரு ஆய்வாளர்கள் பல்லாண்டுக் கால வழக்குப் பதிவுகளைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்து 1942இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆலைகளை ஒட்டிய பேட்டைகளில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் குடியிருந்தபோதும் சிறார் குற்றம் மிகுதி. அவர்கள் நகர்ந்துபோய் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தபோதும் மிகுதி. வெளியேறியவர்களின் பிள்ளைகளிடமோ அது குறைந்துவிட்டது. அதே இரத்தம், வேறு பேட்டை!

இதற்குச் சிகாகோ வரை போவானேன்? பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு கெட்டு எடுக்கும் கோலமே அது என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை சொல்கிறது. ஆறலை கள்வர் அந்நிலத்துக்கு உரியவர்கள். நிலம் திரிந்த பிறகே கள்வர் வருகிறார்கள். (நம் பாடத்திட்டம் இதை ஐந்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துக்கொண்டது.)

ஸ்ரீபெரும்புதூரில் திரிந்தது மருதம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை தொடங்கியது. பட்டாக்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவருக்கு? இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலமின்மையைப் பற்றி 1891இல் அரசுக்கு எழுதினார்; மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. நூறாண்டு கழித்துச் சிப்காட் வந்தபோதும், பட்டா இல்லாதவன் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் ஏற வழியில்லை. வேலையாவது கிடைத்ததா என்றால், தொலைதூர மாவட்டத்துப் பெண்களைப் பேருந்தில் ஏற்றி விடுதியில் வைப்பார்கள், வடமாநில இளைஞர்களை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். உள்ளூர்ப் பையன் வேண்டாம், சங்கம் வைப்பான், வம்பு செய்வான் என்பது ஆள்சேர்ப்போரின் தனிப்பேச்சு. நோக்கியா உள்ளே எடுத்தவர்களையும் 2014இல் ஆலையை மூடி வெளியே அனுப்பியது.

ஆலை வாசலில் உள்ளூர்ப் பையனுக்கு ஒரு வேலை மட்டும் நிச்சயமாகக் காத்திருக்கிறது: ஸ்கிராப். கார் உறுப்புகளுக்காகத் தகட்டை வெட்டினால் ஓரம் மிஞ்சும். அலுமினியச் சீவல், செப்புக் கம்பி, அட்டைப்பெட்டி, மரப்பலகை என்று நாள்தோறும் லாரி லாரியாகக் கழிவு வெளியேறும். அதைச் சந்தை விலைக்குக் குறைவாக எடுக்க முடிந்தவன் கோடீசுவரன். குறைவாக எடுக்க வேண்டுமானால் போட்டிக்கு வேறொருவன் வரக்கூடாது. வராமல் தடுக்க வாசலில் நிற்கவும், லாரியைப் பின்தொடரவும், செய்யாத கொலைக்கு நீதிமன்றத்தில் சரணடையவும் ஆள் வேண்டும். தண்ணீர் லாரி, மண் அடிப்பது, ஆள் வழங்கும் ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கு ஆலை நிர்வாகங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நமக்கு ஒரு கேள்வி உண்டு. அதே வீட்டில், அதே குடிகாரத் தந்தைக்குப் பிறந்த அக்காள் நம் வகுப்பில் அமர்ந்து நன்னூல் படிக்கிறாளே, அவளை வளர்த்தது யார்? தம்பியைத் தேடி வந்த அண்ணன்கள் அவளைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான். பதினேழு வயதில் பைக்கும் பிரியாணியும். அடுத்து ஓர் அடிதடி வழக்கு. ஜாமீன் எடுக்க வழக்கறிஞருக்கு அண்ணன் கொடுக்கும் பணம்தான் அவன் வாழ்வின் முதல் கடன். வழக்கு விழுந்தவனுக்குக் காவல்துறைச் சான்று கிடைக்காது. சான்று இல்லாமல் ஒப்பந்தக் கூலியாகக்கூட ஆலைக்குள் நுழைவது கடினம். திரும்பும் வழியை அரசே அடைத்துவிட்டு, 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்கிறது. சாதிப் பெருமையோ அவனுக்குச் சாவுக்குப் பிறகுதான் முழுதாகக் கிடைக்கிறது. ஸ்கிராப்பைப் பங்கு பிரிக்கையில் எல்லாச் சாதியும் கூடி உட்காருகின்றன. இறுதி ஊர்வலப் பதாகையில்தான் ஒரே சாதி.

ஒழித்துவிடுவோம் என்று அரசு கிளம்பாமல் இல்லை. 2022 தொடக்கத்தில் இப்பகுதி ரவுடிகளுக்கென்றே தனிப்படை அமைக்கப்பட்டது. அதே ஜனவரியில் செங்கல்பட்டில் இருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2023 டிசம்பரில் காஞ்சிபுரத்தில் இருவர். இடையில் 2023 ஏப்ரலில் வளர்புரம் ஊராட்சி மன்றத் தலைவரை நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையிலேயே நாட்டு வெடிகுண்டு வீசி வெட்டிச் சாய்த்தார்கள். காஞ்சிபுரத்தை நடுங்க வைத்த ஸ்ரீதர் 2017இல் கம்போடியாவில் செத்துப்போனார்; அவர் இடத்துக்கு அடித்துக்கொள்ளத்தான் ஆள் வந்ததே தவிர, அந்த இடம் காலியாகவில்லை.

சுட்டுக் கொல்லப்பட்டவனின் வயது, வழக்குகளின் எண்ணிக்கை, பட்டப்பெயர் எல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடுகின்றன. கழிவை வாங்கியவர் யார், என்ன விலைக்கு, ஏலத்துக்கு வேறு யார் வந்தார்கள் என்னும் மூன்று விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஒவ்வோர் ஆலைக்கும் சிப்காட் நிபந்தனை விதிக்கட்டும். அந்தப் பட்டியலையும் காவல் நிலையத்து ரவுடிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.