பெத்திக்குப்பத்து வீட்டுச் செய்திகள்



கடல் கடந்து வாழும் குடும்பங்கள் என்றவுடன் துபாயும் குவைத்தும் சிங்கப்பூரும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கிருந்து நம் பங்கு மக்கள் அனுப்பும் திருநாள் செய்திகளை இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வந்திருக்கிறோம். கடல் கடந்து நம்மிடமே வந்து வாழ்கின்ற குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய வீட்டுச் செய்திகளை எவரும் அச்சிடுவதில்லை. ஆகவே இத்திங்கள், கும்மிடிப்பூண்டியை அடுத்த பெத்திக்குப்பத்தில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலுள்ள ஒரு வீட்டின் செய்திகளை எழுதத் துணிந்தோம். பெயர்களை மட்டும் விட்டுவிடுமாறு வீட்டார் கேட்டுக்கொண்டனர். பாட்டியார், அவருடைய மகள், வண்ணம் பூசும் தொழில் செய்யும் மருமகன், 26 வயதான பேத்தி, பத்தாம் வகுப்பில் படிக்கும் பேரன் ஆகிய ஐவர் அவ்வீட்டில் இருக்கின்றனர்.

சென்ற பருவத்தின் பெருஞ்செய்தி மழைதான். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா என்னும் புயல் இலங்கையைத் தாக்கியதை வாசகர்கள் அறிவர். மலைநாட்டில் மண்சரிவும் தாழ்நிலங்களில் வெள்ளமுமாக அறுநூறுக்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். பாட்டியாரின் தம்பி மன்னார் மாவட்டத்தில் மாந்தைக்கு அருகே இருக்கிறார். கட்டுக்கரைக் குளத்துப் பாசனத்தில் காலபோக நெல் விதைத்திருந்தார். இரண்டு நாள் அவர் தொலைபேசியில் கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர உண்டவர் இல்லை. மூன்றாம் நாள் குரல் கேட்டது: வயல் நீருக்குள் கிடக்கிறது, மாடுகள் இரண்டைக் காணவில்லை, ஆட்கள் எல்லாரும் சுகம். அந்தப் புயலே பின்னர் வடக்கு நோக்கி நகர்ந்து, டிசம்பர் முதல் நாட்களில் சென்னையிலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் பெருமழையைக் கொட்டியது. இப்போது தம்பியின் முறை. "அக்கா, உங்கட பக்கம் எப்படி? வீட்டுக்குள்ள தண்ணி வந்ததோ?" என்று அவர் அங்கிருந்து கேட்டாராம்.

"ஒரே மழை சுவாமி. அங்க தம்பியை நனைச்சுப்போட்டு இங்க என்னைத் தேடி வருகுது" என்று பாட்டியார் நம்மிடம் சொல்லிச் சிரித்தார். (இலங்கைக் கத்தோலிக்கர் குருவைச் சுவாமி என்பார்கள். நம் ஊரார் சாமி என்பார்கள். பேரன் ஃபாதர் என்கிறான். மூன்றுக்கும் நாம் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டோம்.)

மழைக்காலம் மருமகனுக்கு வேலையற்ற காலம். சுவர் காயாமல் வண்ணம் ஏறாது. ஐப்பசி பிறந்தால் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கட்டி வைத்துவிட்டுச் சிப்காட்டில் நாட்கூலிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்குவார். இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களோடு இவரும் ஒருவராகச் சில வாரம் நிற்பார். தமிழகத்து முகாம்களில் ஆண்களிற் பலர் வண்ணம் பூசுவதையே தொழிலாகக் கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அத்தொழிலில் மேஸ்திரி கையைப் பார்க்கிறார், காகிதத்தைக் கேட்பதில்லை. வெளியூரில் எவ்வளவு பெரிய கட்டடம் கிடைத்தாலும், மாதந்தோறும் முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளுக்கு அவர் வந்து நின்றாக வேண்டும்.

இவர்கள் வந்தது 1990ஆம் ஆண்டு. 1983 கலவரத்துக்குப் பின் ஓர் அலையாகவும், 1990 சூன் திங்களில் போர் மீண்டும் மூண்டபோது மற்றோர் அலையாகவும், 2006க்குப் பின் இன்னோர் அலையாகவும் மக்கள் வந்தனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதைப் படகில் கடக்க ஓர் இரவு ஆயிற்று. மண்டபத்தில் பதிவு முடிந்து, அங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வடக்கே, அதுவரை பெயரே கேட்டிராத கும்மிடிப்பூண்டிக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, தார் அட்டைக் கூரை. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, கொண்டுவந்த பெட்டியைப் பல நாள் பிரிக்காமலே வைத்திருந்ததாகப் பாட்டியார் சொல்கிறார். 35 ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பெட்டியில் இப்போது பேரனின் பழைய பாடநூல்கள் இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது; மாத உதவியையும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவருக்கு 500 என உயர்த்தியது. பெயர் மாற்றத்தைச் சிலர் வெறும் சொல் மாற்றம் என்று எளிதாகப் பேசினர். நாம் அவ்வாறு கருதவில்லை. பள்ளிப் படிவத்தில் முகவரி எழுதுகிற பிள்ளைக்கு அது வெறும் சொல் அன்று.

அவ்வீட்டு மொழியைப் பற்றித் தனியே எழுதலாம். பேரன் வாசற்படிக்கு வெளியே 'பேசுகிறான்'. உள்ளே வந்தால் 'கதைக்கிறான்'. பள்ளியில் நாற்காலி, வீட்டில் கதிரை. கடையில் பிரெட் வாங்கி, வீட்டில் அதைப் பாண் என்று கொடுக்கிறான். தோழர்களிடம் "எங்க பாட்டி" என்பவன், உள்ளே "அம்மம்மா" என்று அழைக்கிறான். எவரும் கற்பிக்காமலே வாசற்படியில் நாவை மாற்றிக்கொள்கிறான். ஒருமுறை வகுப்பில் மறந்துபோய்க் 'குசினி' என்று சொல்லிவிட, மற்றப் பிள்ளைகள் ஒரு வாரம் அவனை அப்பெயராலேயே அழைத்தார்களாம். அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதம் பனங்கிழங்கின் காலம். பொங்கலையொட்டி நெடுஞ்சாலை ஓரங்களில் கட்டுக்கட்டாக விற்பதை வாங்கி நாம் அவித்துத் தின்று முடித்துவிடுகிறோம். பாட்டியார் வீட்டில் அது அத்துடன் முடிவதில்லை. பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கி, மீனும் நண்டும் பயற்றங்காயும் புளியும் மிளகாயும் இட்டுக் காய்ச்சுவது ஒடியற் கூழ். பழவேற்காட்டு நண்டு மன்னார் நண்டுக்கு ஈடாகாது என்பது பாட்டியாரின் தீர்ப்பு. பழவேற்காட்டு மக்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு.

கிறிஸ்து பிறப்பு விழாவை இவர்கள் நத்தார் என்கிறார்கள். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். குடிலை ஆண்டுதோறும் பனையோலையால் முடைவது மருமகன். குடிலுக்கு மேலே மடு மாதாவின் படம் தொங்குகிறது. மடு மாதாவின் வரலாற்றை நம் வாசகர்களில் பலர் அறியார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்த குடும்பங்கள் அன்னையின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அவ்வாறு அது மடுவுக்கு வந்தது. அதே ஒல்லாந்தர்தாம் 1613இல் நம் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டியவர்கள். 2008 ஏப்ரலில் போர் மடுக்கோவிலை நெருங்கியபோது குருக்கள் அச்சுரூபத்தை எடுத்துத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. "மாதாவே ரெண்டு தரம் இடம்பெயர்ந்தவ" என்பார் பாட்டியார். ஆனால் அன்னை திரும்பிவிட்டார் என்பதையும் அவர் மறப்பதில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் பேச்சு. தம்பியிடம் அவர் பங்கு நிலம் இருக்கிறது. மருமகனோ, பையன் பள்ளி முடிக்கட்டும் என்கிறார். இப்பேச்சு அவ்வீட்டில் அரிசி விலையைப் போல நாள்தோறும் நடக்கிறது.

இனிப் பேத்தியின் செய்தி. வணிகவியல் பட்டம் பெற்று, சிறு பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். பொன்னேரிப் பக்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், கம்பி ஆலையில் பிட்டர் வேலை பார்ப்பவர், அவளைப் பெண் கேட்டார். இரு வீட்டாரும் இசைந்தனர். டிசம்பர் 28ஆம் நாள், திருக்குடும்ப விழாவன்று, முதல் ஓலை வாசித்தோம். அன்றைய நற்செய்தி, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு சூசையப்பர் எகிப்துக்கு ஓடியதைச் சொல்வது. அதை வாசித்துப் பிரசங்கம் செய்து, திருப்பலி முடிவில் இவர்கள் பெயரைச் சொன்னபோது கோவிலில் சிறு சலசலப்பு எழுந்ததைக் கேட்டோம்.

அவ்வாரமே இளைஞரின் தாயார் பங்கு இல்லத்துக்கு வந்தார். நல்லவர், கோவில் வேலைக்கு முன்னிற்பவர். "பொண்ணு தங்கமான பொண்ணுதான் சாமி. ஆனா பார்க்கிறவங்க எல்லாம் அவங்களுக்கு ஊர் எதுன்னு கேக்கிறாங்களே, நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

நாம் ஒன்றும் சொல்லாமல் 1999ஆம் ஆண்டுத் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்து, அவள் பெயருள்ள பக்கத்தைத் திறந்து வைத்தோம். பிறந்த இடம்: கும்மிடிப்பூண்டி. அம்மா, உங்கள் மகன் பிறந்தது எங்கே என்று கேட்டோம். சென்னையில் மருத்துவமனையில் என்றார். உங்கள் வீட்டுக்காரர்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிப்காட் வேலைக்கு வந்தவர். பொன்னேரியில் அவர்களுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அம்மையார் பதிவேட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயினும் மறைக்கத் தகாததை மறைக்கவில்லை. ஊரைப் பற்றிய கேள்விக்குப் பதிவேடு விடை சொல்லும். நாட்டைப் பற்றிய கேள்விக்குச் சொல்லாது. 1987 சூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணொருவர் இதைக் காட்டி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். நம் பெண் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்திப் பிறந்துவிட்டாள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தோரைத்தான் கருதியது. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு இட்ட ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டில்லாக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. பெரிய ஆறுதல்தான், எனினும் அது குடியுரிமை வழங்குவதன்று. பிறக்கப்போகும் குழந்தைக்கும் இது தொடரும். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராகக் கருதப்படாதவராயிருக்க வேண்டும். ஆகவே மணமக்கள் வழக்கறிஞர் ஒருவரை இப்போதே கலந்துகொள்வது நலம் என்று சொன்னோம்.

"அதெல்லாம் தெரிஞ்சுதான் சாமி பையன் கேக்கிறான். அவன்கிட்ட நான் பேசிப் பார்த்துட்டேன்" என்றார் தாயார். சற்று நேரம் கழித்து, "அடுத்த ஓலையில அவங்க பேரை முகாம்னு சேர்க்காம வாசிப்பீங்களா?" என்று கேட்டார். முகாம் என்று முதல் வாரமே நாம் வாசிக்கவில்லை; பங்கின் பெயரைத்தான் வாசித்தோம். கேட்டவர் காதில் அவ்வாறு விழுந்திருக்கிறது.

சனவரி 4ஆம் நாளும் 11ஆம் நாளும் மற்ற இரண்டு ஓலைகளும் வாசிக்கப்பட்டன. தடை சொன்னவர் எவருமில்லை. சாம்பல் புதன் பிப்ரவரி 18இல் வருவதால் அதற்கு முன்பே, 9ஆம் நாள் திங்களன்று, திருமணம்.

மாந்தைத் தம்பி வருவதற்கில்லை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபர் முதல் பயணக் கப்பல் விட்டிருக்கிறார்கள்; கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை நிறுத்திவிடுவார்கள். கப்பல் ஓடினாலும் அவருக்கு ஓய்வில்லை. வெள்ளம் வடிந்த வயலில் மறுபடியும் விதைத்திருக்கிறார். பச்சை பிடித்துவரும் பயிரைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அக்கா பதிலுக்கு, கூரைமேல் காயும் ஒடியலைப் பேரனைக்கொண்டு படமெடுத்து அனுப்பினார். திருமண வீட்டில் பிரியாணியோடு ஒரு பானை கூழும் காய்ச்சியே ஆக வேண்டும் என்பது அவர் கட்டளை. மாப்பிள்ளை வீட்டார் அதைக் குடிப்பார்களோ மாட்டார்களோ என்று மகளுக்குத்தான் கவலை.