மறுப்புக்கும் ஒரு காரணம் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உண்மையில் அந்தப் பெருமை என் அக்காவுக்குப் போயிருக்க வேண்டும். பிளஸ் டூ தேர்வில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள். தம்பியையும் படிக்க வைக்க வேண்டுமே என்று அத்தோடு நின்றுவிட்டாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தாள். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறவாமல் புதுப்பித்தாள். வேலைதான் வரவில்லை.

ஐந்து ஆண்டுகள் பதிவில் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்றாண்டு வரை கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வயது வரம்பு 40. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 45. கல்லூரியில் நேரடியாகப் படித்துக் கொண்டிருப்பவருக்குக் கிடையாது.

அக்காவுக்குக் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,200 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். என் முதல் பருவத் தேர்வுக் கட்டணம் அந்தப் பணந்தான்.

ஓராண்டு முடிந்தது, பணம் நின்றது. கடிதம் இல்லை, செய்தி இல்லை. அடுத்த காலாண்டும் வரவில்லை. "அரசாங்கம் கொடுத்தது, அரசாங்கமே நிறுத்திவிட்டது. யாரைப் போய்க் கேட்பது?" என்றார் அப்பா. "இந்தக் காசுக்கு இவ்வளவு அலைச்சலா? வேறு வேலை பார்க்கச் சொல்லு" என்றார் மாமா. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் என்னை அலுவலகத்துக்கு அனுப்பியது.

இரண்டு முறை பேருந்து ஏறிப் போனேன். "அப்புறம் வாங்க தம்பி" என்பதே பதில். அந்த எழுத்தரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மேசையில் கோப்புகள் தலைக்கு மேல் நின்றன. பிறகு நம் ஆசிரியர் ஒருவர் வழி சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு தாள் மனு. "உதவித்தொகை எந்த நாளில், எந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டது?" ஒரே கேள்வி.

முப்பது நாளுக்குள் பதில் வந்தது. ஆண்டுதோறும் தரவேண்டிய சுய உறுதிமொழிப் படிவம் கோப்பில் இல்லையாம்! ஒருமுறை ஏற்றுக் கொண்டால் மூன்றாண்டும் தானே வரும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஒரே தாள் குறைந்ததற்கு ஆறு மாதம் இருட்டில் நின்றிருக்கிறோம்.

நண்பர்களே, இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். தகவல் சட்டம் பணத்தை வாங்கித் தராது. காரணத்தைத்தான் வாங்கித் தரும். ஆனால் காரணம் கையில் இல்லாதவன் எதை எதிர்த்து முறையிடுவான்? செய்முறை வகுப்பில் விடை தவறினால் எந்த அளவீடு தவறியது என்று ஆசிரியர் காட்டுகிறார். அடுத்த முறை திருத்திக் கொள்கிறோம். வெறும் சுழியம் மட்டும் போட்டுக் கொடுத்தால் திருந்துவது எப்படி?

இது புதிய சிந்தனையும் அன்று. இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வேலையிழந்த தொழிலாளிக்கு வாரம் 7 ஷில்லிங் தந்தபோதே, மறுக்கப்பட்டவன் முறையிட ஒரு நடுவர் குழுவையும் அமைத்தது. முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர், நடுவே தலைவர். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பலன் மறுக்கப்பட்டவர் வழக்காடத் தனி நீதிமன்றத்துக்கு வழிசெய்தது. பத்து ரூபாய் மனுவைப் பற்றிய தகவல் சட்டமே என்ன சொல்கிறது? மறுத்தால் காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான கால வரம்பையும், யாரிடம் முறையிடுவது என்பதையும் எழுதித் தர வேண்டும் என்கிறது. இந்த மூன்று வரிகளை உதவித்தொகை நிறுத்தப்படும் ஒவ்வொருவருக்கும் எழுதி அனுப்பினால் என்ன?

உதவித்தொகை இளைஞரைச் சோம்பேறியாக்கும் என்று வகுப்பில் வாதிடுவோர் உண்டு. பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். அதை நம்பி யார் காலை நீட்டிப் படுப்பார்? நேர்முகத் தேர்வுக்குப் போகும் பேருந்துக் கட்டணம் அது. வேலையின்மைக் காலத்தில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வழிசெய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவே, அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, நெறி வகுத்திருக்கிறது. நீதிமன்றம் வழியே கேட்டுப் பெற முடியாத நெறிதான். ஆயினும் பிச்சை என்று யாரும் இகழக் கூடாத நெறி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டும் என்பார்கள். பூசாரியை மாற்ற நம்மால் ஆகாது. வழி தெரியாமல் நிற்பவரைக் கைபிடித்து அழைத்துப் போக ஆகும். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரம் ஒருநாள் மாலை நூலக வாசலில் ஒரு மேசை போட்டு உட்காரலாம். பதிவைப் புதுப்பிக்கும் நாள், உறுதிமொழி தரும் நாள், மனு எழுதும் முறை ஆகியவற்றை ஊர்மக்களுக்குச் சொல்லலாம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்கச் சொல்லலாம். மேடும் பள்ளமுமாகப் பொதுநலச் சாலை போடுவதைவிட இது எளிது அல்லவா?

அக்கா படிவத்தைக் கொடுத்தாள். அடுத்த காலாண்டில் பணம் வந்தது. விடுபட்ட 2,400 ரூபாய் இன்னும் வரவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதியிருக்கிறோம். இந்த முறை எழுதியது நான் அல்ல, அவளே எழுதினாள். ஒப்புகைச் சீட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறாள்.